ஹெபடைடிஸ் சி: பன்னிரண்டு வாரச் சிகிச்சையில் எதைத் தாங்க வேண்டியிருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் சி என்ற, ஈரலைத் தாக்கும் வைரஸ் இருக்கிறது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னால், அன்றிரவே ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ பாரிசுக்கோ ஒரு தொலைபேசி அழைப்புப் போகும். அங்கே இருக்கிற சொந்தக்காரர்களில் யாரோ ஒருவர் இந்த வருத்தத்துக்கு மருந்து எடுத்தவராக இருப்பார், அல்லது எடுத்த ஒருவரைத் தெரிந்தவராக இருப்பார். அவர் சொல்லும் கதை பெரும்பாலும் உண்மைக் கதைதான். கிழமைக்குக் கிழமை ஊசி, ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் காய்ச்சல், முடி கொட்டியது, வேலைக்குப் போக முடியாமல் படுத்தது, காரணமே இல்லாமல் அழுதது, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தது. ஆனால் அந்தக் கதை பழைய மருந்தைப் பற்றியது. இன்றைக்கு ஒருவர் எடுக்கப் போகும் மருந்து வேறு.

எனக்குத் தெரிந்த கொக்குவில் குடும்பம் ஒன்றில் இது அப்படியே நடந்தது. அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மகள்தான் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறவர். கனடாவில் இருக்கிற மாமா தொலைபேசியில் சொன்னார்:

"பிள்ளை, கொம்மாவுக்கு அந்த ஊசியை மட்டும் போட விட்டிடாதை. நாப்பத்தெட்டுக் கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"மாமா, ஊசி இல்லையாம். ஒரு நாளைக்கு ஒரு குளிசை, மூண்டு மாசம். டொக்டர் அப்பிடித்தான் சொன்னவர்."

"எனக்கும் ஊசியோட குளிசையும் தந்தவங்கள்தானே. எதுக்கும் ஆறுதலா யோசிச்சுச் செய்."

அவர் அக்கறையில்தான் சொன்னார். அந்த அக்கறையிலேயே சிகிச்சை தள்ளிப் போனது. ஈரல் வருத்தத்தில் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் வீண் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு இது மிக மெதுவாக நகரும் நோய். ஆனால் ஏற்கெனவே ஈரல் தழும்பேறிப்போன ஒருவருக்கு, பழைய மருந்தின் மேல் உள்ள பயத்தால் புதிய மருந்தைத் தள்ளிப்போடுவது பெரிய நட்டம். ஆகவே மாமா பட்டது என்ன, அம்மா படப்போவது என்ன என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வைரஸை அடையாளம் கண்டதே 1989இல்தான். அதற்கு முன், ஏ வகையும் இல்லாத, பி வகையும் இல்லாத ஏதோ ஒரு ஈரல் அழற்சி, இரத்தம் ஏற்றியவர்களுக்கு வருகிறது என்ற அளவில்தான் வைத்தியர்களுக்கே தெரிந்திருந்தது. அந்தத் தேடலுக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹூட்டன், சார்ள்ஸ் றைஸ் மூவருக்கும் 2020இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1991இல் அமெரிக்காவில் இன்டர்பெரோன் ஊசிக்கு அனுமதி வந்தது. கிழமைக்கு மூன்று ஊசி, மாதக்கணக்கில். அப்படியும் ஐந்தில் ஒருவர்கூடக் குணமாவது அரிது. 1998இல் ரிபாவிரின் குளிசை அதோடு சேர்ந்தது. 2001 அளவில் கிழமைக்கு ஒரு ஊசி போதும் என்ற வகையில் இன்டர்பெரோனை மாற்றி அமைத்தார்கள். வைரஸின் வகையைப் பொறுத்து 24 கிழமை அல்லது 48 கிழமை. எல்லா வகையையும் சேர்த்துப் பார்த்தால் பாதிப் பேருக்குச் சற்று மேலாகக் குணமானார்கள். மற்றவர்கள் அவ்வளவு துன்பத்தையும் பட்டுவிட்டு வைரஸோடேயே வீடு திரும்பினார்கள்.

அந்தத் துன்பத்துக்குக் காரணம் இருந்தது. இன்டர்பெரோன் என்பது வெளியிலிருந்து வந்த நஞ்சு இல்லை. வைரஸ் ஒன்று உடம்புக்குள் நுழைந்தால் நம் செல்களே சுரக்கிற ஒரு புரதம் அது. சளிக்காய்ச்சல் வரும்போது உடம்பு உளைவதும், குளிர் பிடிப்பதும், எழும்ப மனமில்லாமல் கிடப்பதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட புரதங்களின் வேலைதான். அதையே மருந்தாக ஊசியில் ஏற்றினால், ஒரு வருடம் முழுக்கக் காய்ச்சல்காரரைப்போல வாழ வேண்டியதுதான். மூளையையும் அது விட்டுவைக்கவில்லை. மருந்து எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை மனச்சோர்வுக்கு ஆளானார்கள். சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வந்தது. தைரொயிட் குழம்பியது, வெள்ளணுக்கள் குறைந்தன. கூடக் கொடுத்த ரிபாவிரின் தன் பங்குக்குச் சிவப்பணுக்களை உடைத்து இரத்தச்சோகையைக் கொண்டுவந்தது. மாமா சொன்ன கதையில் ஒரு சொல்லும் மிகையில்லை.

இன்னொன்றும் நினைவில் வருகிறது. இன்டர்பெரோனைக் குளிரூட்டியில், 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும். தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாமல் கிடந்த குடாநாட்டில் அப்படியொரு மருந்தை ஒரு வருடத்துக்கு வீட்டில் வைத்து ஏற்றுவது நடக்கிற காரியமா? அந்த நாட்களில் இங்கே இருந்தவர்களுக்கும் வெளிநாடு போனவர்களுக்கும் கிடைத்த சிகிச்சை ஒன்றாக இருந்திருக்க வாய்ப்பில்லை. இன்றைய குளிசைக்கு அந்தத் தொல்லை இல்லை. நெடுந்தீவில் இருக்கிற ஒருவர் மாத மருந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு குறிகட்டுவானில் படகு ஏறிப் போகலாம்.

புதிய மருந்துகள் வேறு வழியில் வேலை செய்கின்றன. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோபோஸ்புவிர், வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கப் பயன்படுத்தும் நொதியத்தைத் தடுக்கிறது. நம் செல்களில் அந்த நொதியம் கிடையாது. அதனால்தான் வைரஸுக்கு விழுகிற அடி நமக்கு அவ்வளவாக விழுவதில்லை. 2016இல் அதோடு வெல்பட்டாஸ்விர் என்ற மருந்தைச் சேர்த்து ஒரே குளிசையாக்கினார்கள். வைரஸின் எல்லா மரபு வகைக்கும் அது வேலை செய்யும். நாளுக்கு ஒன்று, 12 கிழமை, அவ்வளவுதான். 95 வீதத்துக்கு மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள். குணம் என்றால் உண்மையான குணம். ஹெபடைடிஸ் பி வைரஸ் செல்லின் கருவுக்குள்ளேயே தன் மரபணுவைப் பதுக்கி வைத்துக்கொள்ளும், அதனால் அதை முற்றாகத் துடைப்பது கடினம். சி வைரஸுக்கு அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. பிரதி எடுப்பதை நிறுத்தினால் அது அழிந்துபோகிறது.

சோபோஸ்புவிருக்கு முதலில் வந்த விலை அநியாய விலை. அமெரிக்காவில் ஒரு குளிசை 1,000 டொலர், முழுச் சிகிச்சைக்கு 84,000 டொலர். 2014 செப்டெம்பரில் அதைத் தயாரித்த கிலியட் நிறுவனம் இந்திய மருந்து நிறுவனங்கள் ஏழுக்கு உரிமம் கொடுத்து, வளரும் நாடுகள் 91க்கு மலிவாகச் செய்து விற்க அனுமதித்த பிறகுதான் எங்களைப் போன்ற நாடுகளில் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசவே முடிந்தது.

சரி, பக்கவிளைவு? இங்கேதான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்பும் ஒரு கணக்கு இருக்கிறது. சோபோஸ்புவிர்-வெல்பட்டாஸ்விர் குளிசையைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2015இல் வெளியானது. 624 பேருக்கு உண்மையான குளிசை, 116 பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை. எது யாருக்கு என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. உண்மையான மருந்து எடுத்தவர்களில் 29 வீதமானோருக்குத் தலையிடி வந்தது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 28 வீதமானோருக்கு வந்தது. களைப்பு இரு பக்கமும் 20 வீதம். மருந்து எடுத்தவர்களில் 99 வீதமானோர் குணமானார்கள்.

தலையிடியும் களைப்பும் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வெற்றுக் குளிசை எடுத்த அந்த 28 வீதமானோருக்கும் தலை உண்மையாகத்தான் இடித்தது. நாள்பட்ட ஹெபடைடிஸ் சியே ஆளைக் களைக்க வைக்கும். நித்திரையைக் குழப்பும், மனத்தை மந்தமாக்கும், மூட்டுகளை உளைய வைக்கும். அதோடு வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து மனம் உடம்பின் ஒவ்வொரு அசைவையும் கவனிக்கத் தொடங்கிவிடும். குளிசை தொடங்கிய மூன்றாம் நாள் களைத்தால் பழி குளிசையின் மேல் விழும்.

ஆகவே நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள யோசனை இதுதான்: மருந்து தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்னதாகவே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். இன்று எத்தனை மணிக்கு எழும்பினேன், பகலில் படுத்தேனா, தலையிடித்ததா, சாப்பாடு இறங்கியதா, எத்தனை மணிக்கு நித்திரை வந்தது. நாளுக்கு ஓரிரு வரி போதும். குளிசை தொடங்கிய பிறகும் அதே கொப்பியில் தொடருங்கள். கொக்குவில் அம்மாவின் கொப்பியை மகள் எனக்குக் காட்டினார். மருந்துக்கு முந்திய கிழமையில் 'பின்னேரம் படுத்தா, ஆறு மணிக்குத்தான் எழும்பினா' என்று அடுத்தடுத்து நான்கு நாள் எழுதியிருந்தது. இரண்டாம் மாதத்தில் அந்த வரி குறைந்துகொண்டே போனது. 'கோயிலுக்குப் போனா' என்ற வரி வரத் தொடங்கியது. அந்தக் கொப்பி இல்லாமல் இருந்தால் அவர் இன்றைக்கும் "குளிசையாலதான் களைச்சனான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

வருகிற சின்னத் தொல்லைகளைத் தாங்குவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. வெயில் கொளுத்துகிற சித்திரை, வைகாசியில், காண்டாவன நாட்களில் சிகிச்சை வந்தால் தலையிடிக்குப் பாதிக் காரணம் தண்ணீர் குடிக்காததாகவே இருக்கும். ஓங்காளம் வந்தால் மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை சாப்பிடலாம். இடியப்பமும் சொதியும், கஞ்சி, வாழைப்பழம் என்று இறங்குகிறதைச் சாப்பிடலாம். இந்தக் குளிசையைச் சாப்பாட்டோடும் எடுக்கலாம், வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். வயிற்றைக் குமட்டினால் சாப்பிட்ட பிறகு எடுப்பது நல்லது. நித்திரை குழம்பினால் காலையில் எடுங்கள். பகலில் களைப்பாக இருந்தால் இரவில் எடுங்கள். ஆனால் ஒரு நேரத்தைப் பிடித்தால் அதையே 12 கிழமையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தலையிடித்தால் பனடோல் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், அளவோடு. எங்கள் பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது. எதற்கெடுத்தாலும் இரண்டு பனடோல், விட்டு விட்டு நாள் முழுக்க. ஈரல் தழும்பேறியவர்களுக்கு நாளுக்கு 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்கு, அதற்கு மேல் வேண்டாம் என்பதே வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை. டைக்குளோபெனாக் போன்ற நோக்குளிசைகள் அவர்களுக்கு இன்னும் மோசம். சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் இரத்தக் கசிவையும் உண்டாக்கும். பார்மசியில் கேட்டவுடன் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிப் போடாதீர்கள்.

உண்மையான ஆபத்து குளிசையின் பக்கவிளைவில் இல்லை. கூட எடுக்கிற மற்ற மருந்துகளில் இருக்கிறது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. யாழ்ப்பாணத்தில் ஐம்பது தாண்டிய ஒருவர் நான்கைந்து குளிசையாவது எடுக்காமல் இருப்பது அபூர்வம். பிறஷருக்கு ஒன்று, சீனி வருத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, இவற்றால் வயிறு எரியாமல் இருக்க ஒமெப்ரசோல் ஒன்று. அந்த ஒமெப்ரசோல்தான் இங்கே வில்லங்கம். வெல்பட்டாஸ்விர் உறிஞ்சப்படுவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். ஒமெப்ரசோல் அமிலத்தைக் குறைத்தால் மருந்து போதிய அளவு இரத்தத்தில் சேராது. குளிசையை ஒழுங்காக விழுங்கியும் வைரஸ் போகாமல் இருக்க அது ஒரு காரணமாகலாம். வயிற்றெரிவுக்குக் குடிக்கும் அமிலமுறிப் பாணியையும் இந்தக் குளிசையையும் எடுப்பதென்றால் இடையில் நான்கு மணித்தியாலம் விடவேண்டும்.

இதயத் துடிப்புக் கோளாறுக்கு அமியோடரோன் எடுப்பவர்கள் சோபோஸ்புவிரோடு சேர்த்து எடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசிப்பின், பெனிட்டோயின், காசநோய்க்குக் கொடுக்கும் றிபம்பிசின் ஆகியவை இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் கீழே இறக்கிவிடும். கொழுப்புக் குளிசைகள் சிலவற்றின் அளவை மாற்ற வேண்டிவரும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். சீனி வருத்தக்காரருக்கு வேறொரு விதமான சிக்கல் வரும். வைரஸ் குறையக் குறைய ஈரல் தெளிந்து இரத்தத்தில் சீனி தானாகவே குறையலாம். அப்போது பழைய அளவிலேயே இன்சுலினோ குளிசையோ எடுத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். மயங்கியது ஹெபடைடிஸ் குளிசையால் என்று நினைத்து அதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்த வேண்டியது அதை இல்லை, சரிசெய்ய வேண்டியது சீனி மருந்தை.

ஆகவே முதல் நாள் கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பி மட்டும் போதாது. வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசை அட்டைகளையும், பாணிப் போத்தல்களையும், சூரணங்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. சூரணம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஈரல் என்றவுடன் எங்கள் வீடுகளில் கீழ்க்காய்நெல்லி வந்துவிடும். செங்கமாரிக்கு அரைத்துக் குடித்துச் சுகமான கதை எல்லோர் வீட்டிலும் உண்டு. அந்தச் செங்கமாரியில் பெரும்பகுதி தானாகவே மாறுகிற ஏ வகை ஈரல் அழற்சியாக இருந்திருக்கும். நாள்பட்ட சி வைரஸ் பெரும்பாலும் கண் மஞ்சளாகாமலேயே இருபது வருடம் உள்ளே கிடக்கும். கீழ்க்காய்நெல்லியால் அது போகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சித்த மருத்துவத்தைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. கைதடியில் பல்கலைக்கழக மட்டத்தில் அதைக் கற்பிக்கிற ஊர் இது. ஆனால் பன்னிரண்டு கிழமைக்கு மட்டும் மூலிகைகளை ஒதுக்கி வையுங்கள், உங்கள் சித்த வைத்தியரிடமும் காரணத்தைச் சொல்லி வையுங்கள். எது எதோடு மோதும் என்று தெரியாத ஒன்றை நடுவில் சேர்க்க வேண்டாம்.

தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சி வைரஸ் அடங்கும்போது இதுவரை தூங்கிக்கொண்டிருந்த பி வைரஸ் எழும்பி ஈரலைத் தாக்கிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது.

ரிபாவிரின் முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. ஈரல் முற்றிலும் தளர்ந்து வயிற்றில் நீர் கட்டியவர்களுக்கும், முதல் சிகிச்சை பலிக்காத சிலருக்கும் இன்றைக்கும் அதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவர்களுக்குத்தான் பக்கவிளைவோடு உண்மையான போராட்டம். முதல் நான்கு கிழமைக்குள் ஹீமோகுளோபின் இறங்கும். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். இரும்புச்சத்துக் குளிசை இதற்கு உதவாது. இது சத்துக் குறைந்து வரும் சோகை இல்லை, அணுக்கள் உடைவதால் வருவது. முருங்கையிலையும் ஈரலும் சமைத்துக் கொடுத்து அம்மாக்கள் படும் பாட்டைக் காணப் பாவமாக இருக்கும். இதற்கு வழி, குறித்த நாளில் இரத்தம் சோதித்து ரிபாவிரின் அளவைக் குறைப்பதுதான். அது வைத்தியர் செய்ய வேண்டிய வேலை, நோயாளி தானாகச் செய்யக்கூடாது. நெஞ்சு நோ வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே போக வேண்டும். தோல் காய்ந்து கடிக்கும்; வாசனைச் சவர்க்காரத்தை விட்டு, குளித்த ஈரத்தோடு பூச்சு ஏதாவது தடவினால் குறையும். ரிபாவிரினைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். இரண்டாம் வேளையைப் படுக்கப் போகும் நேரத்தில் எடுக்காமல் பின்னேரமே எடுத்துவிட்டால் நித்திரை அவ்வளவு குழம்பாது. எல்லாவற்றையும்விட முக்கியம், இது கருவிலுள்ள குழந்தையைக் கெடுக்கும் மருந்து. எடுப்பது கணவனாக இருந்தாலும் மனைவியாக இருந்தாலும் சிகிச்சைக் காலத்திலும், முடிந்த பிறகு கணவன் எடுத்திருந்தால் குறைந்தது ஆறு மாதம், மனைவி எடுத்திருந்தால் குறைந்தது ஒன்பது மாதம் வரையும் கருத்தரிக்கக் கூடாது.

சாப்பாட்டில் எங்கள் ஆட்கள் செய்யும் ஒரு பிழை, பத்தியம். எண்ணெய் இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, வெறும் சோறும் ரசமும். ஈரல் தழும்பேறியவர்களுக்குத் தசை கரைவதுதான் பெரிய பிரச்சினை. அவர்களுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். மீன், முட்டை, பருப்பு, பயறு எல்லாம் சாப்பிடலாம். படுக்கப் போகுமுன் ஏதாவது சிறிது சாப்பிடச் சொல்வதும் அதற்காகத்தான்; அவர்களுக்கு இரவு முழுக்க வெறும் வயிறாக இருப்பதே பட்டினிக்குச் சமம். வயிற்றில் நீர் கட்டியிருந்தால் குறைக்க வேண்டியது உப்பை. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றும் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கு இது சின்ன விஷயமில்லை என்று தெரியும். கள்ளும் சாராயமும் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஒரு துளியும் வேண்டாம்.

விரதம் பற்றியும் கேட்பார்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் ஒருநேரம் சாப்பிடுகிறவர்கள், ஈரல் நல்ல நிலையில் இருந்தால், குளிசையை அந்த நேரத்தோடு எடுத்துக்கொள்ளலாம். ரமழான் நோன்பு பிடிப்பவர்களுக்கும் நாளுக்கு ஒரு குளிசை என்பதால் நோன்பு திறந்த பிறகு எடுப்பது சிரமமில்லை. ஆனால் ஈரல் தழும்பேறியவர் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீரிலும் பாலிலும் இருப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். முருகனுக்கு அடுத்த வருடமும் விரதம் இருக்கலாம்.

குளிசை ஒன்று தவறினால் பதற வேண்டாம். எடுக்கும் நேரம் தாண்டி 18 மணித்தியாலத்துக்குள் நினைவு வந்தால் உடனே எடுங்கள். அதற்குப் பிறகென்றால் விட்டுவிட்டு அடுத்த நேரத்துக்குரியதை மட்டும் எடுங்கள், இரட்டிப்பாக வேண்டாம். விழுங்கி மூன்று மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்துவிட்டால் இன்னொன்று எடுக்க வேண்டும். பெரிய கவலை ஒரு நாள் தவறுவது இல்லை, நடுவில் மருந்து தீர்ந்துபோவது. 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பன்னிரண்டு கிழமை மருந்தும் கிடைக்குமா, தவணைக்கு எவ்வளவு தருவார்கள், இல்லையென்றால் எங்கே வாங்குவது என்பதை முதல் குளிசை விழுங்குமுன் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் பலருக்குக் குளிசையைவிடப் பாரமாக இருப்பது மறைத்து வைப்பதுதான். மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரம், வெளியில் தெரியக்கூடாது. அயலுக்குத் தெரிந்தால் கோப்பையில் தேத்தண்ணீர் தரமாட்டார்கள். போதை ஊசி போட்டவன் என்று நினைப்பார்கள். இந்தப் பயத்தில் குளிசைப் போத்தலை அலுமாரிக்குள் உடுப்புக்கு அடியில் வைப்பவர்களும், பெரியாஸ்பத்திரியில் தெரிந்த முகத்தைக் கண்டால் வேறு கிளினிக் வரிசையில் போய் நிற்பவர்களும் இருக்கிறார்கள். வைரஸ் இரத்தத்தோடு இரத்தம் சேர்ந்தால்தான் பரவும். சாப்பாட்டால், தண்ணீரால், ஒரே கோப்பையால், கட்டிப்பிடிப்பதால், தாய்ப்பாலால் பரவாது. சவர அலகு, பல் தூரிகை, நகவெட்டி மூன்றையும் தனியாக வைத்துக்கொண்டால் போதும். சலூனில் புது அலகு போடச் சொல்லிக் கேளுங்கள், இது வருத்தமில்லாதவர்களும் கேட்க வேண்டியது. வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். களைப்பில் சமைக்க முடியாத நாளில் யாராவது புரிந்துகொள்ள வேண்டுமே. மனம் தாங்காமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

எப்படி வந்தது என்ற விசாரணை வீட்டுக்குள் பெரிய சண்டையாகிறது. இந்த வைரஸைக் கண்டறியும் பரிசோதனை 1990இல்தான் பாவனைக்கு வந்தது. அதற்கு முன் உலகில் எங்கே இரத்தம் ஏற்றியிருந்தாலும் அது இந்த வைரஸுக்காகச் சோதிக்கப்படாத இரத்தம். எண்பதுகளில் காயப்பட்டோ பிரசவத்திலோ இரத்தம் ஏற்றியவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்! அவர்கள் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. டயலிசிஸ் செய்பவர்களும் அப்படியே; சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் இந்தக் குளிசைகளை இப்போது கொடுக்கிறார்கள். போதை ஊசியால் வந்த பிள்ளைகளுக்கும் அதே சிகிச்சைதான், அதே பலன்தான். முதலில் போதையை விடட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்களைத் திருப்பி அனுப்புவதை உலக சுகாதார நிறுவனமும் ஏற்பதில்லை. ஒருவர் குணமானால் அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவது நின்றுவிடும்.

குளிசை முடிந்த நாளில் குணம் என்று சொல்லமாட்டார்கள். அதிலிருந்து 12 கிழமை கழித்து, இரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்து வைரஸ் இல்லையென்றால்தான் குணம். அந்த இடைக்காலத்தில் பலர் கிளினிக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று. போக வேண்டும். ஈரல் ஏற்கெனவே தழும்பேறியிருந்தால் வைரஸ் போன பிறகும் புற்றுநோய் வரும் ஆபத்து முற்றாகப் போவதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் தொடர வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதம் காட்டும் முதல் பரிசோதனை வாழ்நாள் முழுக்க 'இருக்கிறது' என்றே காட்டும். அதைப் பார்த்து வைரஸ் திரும்பி வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஒருமுறை குணமானவருக்கு மறுபடி தொற்றாது என்றில்லை. தடுப்பூசியும் இன்னும் இல்லை. இரத்ததானம் செய்ய முடியாது. பிற்காலத்தில் ஒரு சத்திரசிகிச்சைக்கோ வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடமோ போனால் அங்கே முதலாவது பரிசோதனையைச் செய்துவிட்டு உங்களுக்கு ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்று சொல்லக்கூடும். அந்த ஆர்.என்.ஏ. அறிக்கையின் பிரதி ஒன்றைக் கிளினிக் கொப்பிக்குள்ளும் இன்னொன்றை அடையாள அட்டை வைக்கும் இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.